அரைமணிக்கு ஒரு முழுநாள்

சென்ற வாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும், மகளின் வேதியியல் மதிப்பெண்ணைப் பற்றித்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே அம்மா போனாள். வகுப்பாசிரியை மதிப்பெண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உங்க பொண்ணு மத்தியானம் தனியாத்தான் உக்காந்து சாப்பிடுறா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியோடு பள்ளி வாசலில் நின்ற அம்மாவை அப்படியே விட்டுவிட்டு நாம் வந்துவிட்டோம்.

பிரச்சினை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அப்பாவுக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து சலவைக் கடையின் பாரம் மூன்று பேர் தலையில் விழுந்திருந்தது. துவைக்கும் இயந்திரங்களும் வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுப்பதும் அண்ணன் பொறுப்பு. இஸ்திரி மேசை அம்மாவுடையது. துணி வாங்கி, துணி கொடுத்து, வருகிறவர்களிடம் பல்லைக் காட்டும் முன்மேசை, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் கடைக்குட்டியின் தலையில் விழுந்தது.

பள்ளி விட்டால் நேராகக் கடை. மேசைக்குக் கீழே வேதியியல் புத்தகம் விரித்தபடி இருக்கும். ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் படிக்கிற வரிதான் படிப்பு. பெரும்பாலும் ஒரே வரியை மூன்று பேருக்கு நடுவில் மூன்று தரம் படித்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமையும் அதே கதை. இதற்கெல்லாம் போக மீதி இருக்கிற நேரம் தோழிகளுக்கு என்று வைத்திருந்தாள். மீதி என்று ஒன்று இருந்தால்தானே!

தோழிகள் இரண்டே பேர். தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட சோடா, வகுப்பிலேயே உயரமான நெட்டை. சின்ன வகுப்பிலிருந்து மூன்று பேரும் ஒட்டிக்கொண்டே திரிந்தவர்கள். கடைக்கு வர ஆரம்பித்த பிறகு இவளுக்குச் சோடா வைத்த பெயர் 'அரைமணி'. எங்கே கூடினாலும் வந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, அரைமணியில் எழுந்து ஓடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். முதலில் மூன்று பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். போகப்போகச் சிரிப்பு கரைந்து பெயர் மட்டும் மிஞ்சியது.

பள்ளியிலிருந்து வந்த அம்மா மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று வரும் என்பது அவளுக்குத் தெரியாதா? வாயால் கேட்பதை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நாளைக்குக் கடைக்கு வரவேண்டாம் என்று மகளிடம் சொன்னாள்.

மகளுக்குத் தன் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"நாள் முழுக்க உன் ஃப்ரெண்ட்ஸோட இரு பாப்பா. படி, சுத்து, என்ன வேணா பண்ணு. பொழுது சாயறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் தலைய காட்டின, தெரியும் சேதி."

முன்மேசையில் அண்ணன் உட்காருவதாக ஏற்பாடு. அதற்காக அவன் சனிக்கிழமைக் கால்பந்து ஆட்டத்தைத் தியாகம் செய்தான். தியாகம் என்ற சொல்லைப் படுக்கப் போகும்வரை அவன் விடவே இல்லை. அப்பா தன் பங்குக்குப் படுக்கையிலிருந்தபடியே, ஜமாய் கண்ணு என்று நல்ல கையை ஆட்டினார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் வாங்கித் தர வீடே வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. அந்த நாளை வீணாக்கிவிட்டு யார் முகத்தில் விழிப்பது என்பதுதான் பிறகு அவளுக்கு வந்த கஷ்டம்.

காலையில் அலமாரியின் அடியில் கிடந்த நீலச் சட்டையை எடுத்தாள். அது கசங்கிச் சுருண்டு கிடந்தது. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு என்பதால், அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடை மேசையிலேயே போட்டுத் தேய்த்தாள். நீராவி சீற, காலரை இரண்டு பக்கமும் திருப்பி, வேற்று ஆள் துணிக்குக்கூடப் பார்க்காத பக்குவம் பார்த்தாள். மனசெல்லாம் வகுப்பாசிரியை கேட்ட கேள்வியிலேயே இருந்தது.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அந்தக் கடையில் அப்பா வைத்த சட்டம் ஒன்று உண்டு. அன்றைக்கே கொடுக்கவேண்டிய அவசரத் துணி என்றால், தேய்த்து முடித்ததும் காலருக்குப் பின்னால் வெளிப்பக்கமாக ஒரு மஞ்சள் டேக் குத்தவேண்டும். கம்பியில் தொங்கும்போது தூரத்திலிருந்தே தெரியும். வாடிக்கையாளர் கையில் துணியைக் கொடுக்கும்போது, ஊக்கைக் கழற்றி டேக்கை எடுத்து வைப்பது முன்மேசையில் இருப்பவரின் வேலை. அம்மா தேய்த்து முடித்தாள். மகள் காத்திருக்கிறாள், அவசரம். அவள் கை தானாகப் போய் மஞ்சள் டேக் ஒன்றை எடுத்துக் காலரில் குத்திவிட்டது. குத்தியது அவளுக்கே தெரியாது.

வந்தவர் போனவர் துணியிலெல்லாம் டேக் கழற்றிக்கொடுக்கிற பெண்ணுக்குத் தன் சட்டையைப் பார்க்கத் தோன்றவில்லை. வாங்கினாள், தலைவழியே மாட்டினாள், காலர் மடங்கக்கூடாது என்று முடியை உச்சியில் தூக்கிக் கட்டினாள், பையைத் தோளில் போட்டாள். "எங்க, திரும்பு, பாக்கலாம்" என்று சொல்லியிருப்பாள் அம்மா. அதற்குள் வாசலில் ஒருவர் கம்பளிக் கோட்டோடு வந்து நின்றுவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் மூன்று பேருக்குமான குழுவில் செய்தி போட்டாள். 'இன்னிக்கு எனக்கு முழுநாள் லீவுடி! எங்க வரணும்?' அந்தக் குழுவில் கொஞ்ச நாளாகவே ஈ காக்கை இல்லை. தேர்வு நேரம், எல்லாரும் படிக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைப்பதுதான் வசதியாக இருந்தது.

பதில் வரவில்லை. பரவாயில்லை, சனிக்கிழமை என்றால் நூலகத்து மாடி, ஜன்னலோர மேசை, அது மாறவே மாறாது என்று நூலகத்துக்குப் போனாள். படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். ஜன்னலோர மேசையில் யாரோ ஒரு பெரியவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

சரி, தாமதமாக வருவார்கள் போல. கீழே இறங்கி, பின்தெருப் பழச்சாறுக் கடைப் பக்கம் நடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோதே தெரிந்துவிட்டது. சோடா. நெட்டை. மேசை நிறையப் புத்தகம். மூன்றாவது நாற்காலியில், இந்த வருஷம் புதிதாக வகுப்பில் சேர்ந்த பெண். மூன்று பேரும் ஒரே கணக்கின் மேல் குனிந்து, என்னவோ தப்பாகப் போட்டுவிட்டதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அப்போதுகூடத் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம்தான் முதலில் வந்தது. சின்னதாக ஒரு விளையாட்டுக் காட்டலாம் என்று கதவோரத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, 'எங்கடி இருக்கீங்க?' என்று தட்டினாள். கடைப் பெயரைச் சொல்லிப் பதில் வந்த அடுத்த நொடி கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க் குதிக்கவேண்டும் என்பது திட்டம்.

மேசைமேல் இரண்டு தொலைபேசிகள் மினுங்கின. சோடா எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. நெட்டையிடம் காட்டினாள். நெட்டை தோளைக் குலுக்கி என்னவோ சொன்னாள். சோடா தலையை ஆட்டி மறுத்தாள். நெட்டை மறுபடி சொன்னாள். சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள்.

இவள் கையில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. 'இன்னிக்கு யாரும் மீட் பண்ணலடி. வீட்டுலதான் படிக்கிறோம்.'

உள்ளே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். எழுதுகிற எனக்கே கை பரபரக்கிறது. ஆனால் அந்த இடத்தில் நின்றவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. ஒளிந்து நின்று பார்த்துவிட்டோமே என்று வெட்கம். கூப்பிடாத இடத்துக்குத் தலை வாரிக்கொண்டு வந்துவிட்டோமே என்று வெட்கம். 

அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெட்டையின் பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று சொல்லி இவள் வரவில்லை. சினிமாவுக்கு டிக்கெட் எடுத்த பிறகு வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்காக ஒரு நாற்காலியில் பையை வைத்துப் பிடித்து வைத்தார்கள். வந்து போகிறவர்கள் 'இங்க ஆள் இருக்கா?' என்று கேட்கும்போதெல்லாம் இருக்கு, இருக்கு என்று எத்தனை நாள் சொல்வது? ஒரு நாள் பையை எடுத்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. அவள் மேலும் சொல்ல முடியவில்லை.

'சரிடி. நல்லா படிங்க' என்று பதில் போட்டாள். தொலைபேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டாள். கடைக்கு முதுகைக் காட்டி, ஓடாமல், வேலையாகப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

இனி எங்கே போவது? வீட்டுக்குப் போக முடியாது. இப்போது போய் நின்றால் அண்ணனின் கால்பந்து, அம்மாவின் முதுகுவலி, அப்பா ஆட்டிய கை, எல்லாம் வீண். பொழுது சாயும்வரை எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

மறுபடியும் நூலகத்துக்குப் போனாள். பெரியவர் எழுந்து போயிருந்தார். அதே ஜன்னலோர மேசையில் வேதியியல் புத்தகத்தை விரித்தாள். கேட்பாரில்லை, கூப்பிடுவாரில்லை, துணியோடு வந்து நிற்பாரில்லை. இப்படி ஒரு நாள் கிடைத்தால் புத்தகத்தையே முடித்துவிடுவேன் என்று எத்தனை முறை நினைத்திருப்பாள்! நாள் கிடைத்தது, ஒரு வரி ஓடவில்லை. கடைச் சத்தத்துக்கு நடுவில் மூன்று தரத்தில் புரிகிற வரி, இந்த அமைதியில் பத்துத் தரம் படித்தும் புரியவில்லை. எதிர் நாற்காலியில் தன் பையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போனாள். அங்கே இறங்கிச் செய்ய ஒன்றும் இல்லாததால் அதே பேருந்தில் திரும்பினாள். பின்சீட்டில் ஒரு குழந்தை அவள் கழுத்துப் பக்கம் கையை நீட்டிக் கிளுகிளுவென்று சிரித்தது. அதன் தாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். இவள் திரும்பிக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்த ஒரே ஜீவன் அதுதான். குழந்தை எதைப் பார்த்துச் சிரித்தது என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கடைப் படியேறினாள். வாசலிலேயே முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன அரைமணி, முழுநாள் எடுத்துட்ட? உன் பட்டத்த பறிச்சுடுவாங்க" என்றான் அண்ணன். முன்மேசையில் அவன் செய்து வைத்திருந்த குளறுபடிகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாருடைய கால்சட்டையோ யாருடைய உறையிலோ கிடந்தது.

அம்மா இஸ்திரி மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். எதற்காக நாளெல்லாம் காத்திருந்தாளோ அதைக் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா பாப்பா?"

"சூப்பரா இருந்துச்சும்மா."

ஆரம்பித்தாள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. நூலகத்தில் சத்தமாகச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டது, நெட்டை மூக்கின் நுனியில் ஐஸ்கிரீமோடு தெரு முழுக்க நடந்தது, சோடா கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு அதையே பைக்குள் தேடியது, எல்லாம் சொன்னாள். ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் நடந்தவைதான், போன வருஷத்துச் சனிக்கிழமைகளில். அவற்றை எடுத்து இந்தச் சனிக்கிழமைக்குப் போர்த்திவிட்டாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆட்டம் போனதுகூடப் பரவாயில்லை என்கிற முகம் அவனுக்கு.

பேசிக்கொண்டே பழக்கத்தில் முன்மேசைக்குள் நுழைந்து, கலைந்து கிடந்த உறைகளை அடுக்கத் திரும்பினாள். அம்மாவுக்கு மகளின் முதுகு தெரிந்தது.

தூக்கிக் கட்டிய முடிக்குக் கீழே, நீலக் காலரில், பளிச்சென்று மஞ்சள் டேக் தொங்கியது. ஊக்கு குத்தப்பட்டிருந்த வாட்டம் அம்மாவுடையதே. வேறு யாரும் அப்படிச் சாய்த்துக் குத்தமாட்டார்கள்.

முதலில், ஐயோ, என் கையாலேயே பிள்ளையைக் கேலிப்பொருளாக்கி அனுப்பிவிட்டேனே என்றுதான் அவளுக்குப் பதறியது. அடுத்த நொடிதான் மற்றது உறைத்தது. காலையிலிருந்து இது கழுத்தில் தொங்கியிருக்கிறது. கூட ஒரு தோழி இருந்திருந்தால், ஒரே ஒருத்தி இருந்திருந்தால், முதல் வேலையாகப் பிடுங்கி எறிந்து, ஒரு வாரத்துக்கு வைத்துக் கிண்டல் செய்திருக்கமாட்டாளா?

நீராவி சீறியது. அம்மா அவசரமாக இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். மேசையில் கிடந்த வெள்ளைச் சட்டை தப்பித்தது. மகள் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அண்ணன் கடைசி மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினான். கடையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். காலரில் கை வைத்தாள். ஊக்கு திறக்கும் சின்ன ஓசை மகளுக்குப் பழகிய ஓசை. பேச்சு பாதியில் நின்றது. அம்மா டேக்கை முன்மேசைமேல் வைத்தாள்.

"காலையில நான்தான் குத்திட்டேன். நினைப்பே இல்லாம." அம்மாவின் குரல் எழும்பவில்லை. "யாருமே சொல்லலையா கண்ணு?"

மஞ்சள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். நாள் முழுக்கத் தாங்கிய முகம் அப்போது கலைந்தது. பேருந்துக் குழந்தை எதைப் பார்த்துச் சிரித்தது என்று இப்போது விளங்கியது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அம்மா அவளை அணைத்துக்கொண்டாள். இஸ்திரிச் சூடு ஏறிய உள்ளங்கையால் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு நாளை வாங்கித் தர முடிந்தது, அதில் உட்கார ஒரு ஆளை வாங்கித் தர முடியவில்லையே என்று அம்மா மனம் நொந்தாள்.

அழுகை ஓய்ந்ததும், மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பைக்குள் கைவிட்டாள். தொலைபேசி தட்டுப்பட்டது. காலையிலிருந்து அணைந்தே கிடந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அதை உயிர்ப்பித்தாள்.

ஒரே ஒரு செய்தி காத்திருந்தது. மூன்று பேர் குழுவில் இல்லை. தனியாக, அவளுக்கு மட்டும், சோடாவிடமிருந்து.

'அரைமணி, நில்லு. காலர்ல மஞ்சள் டேக் தொங்குதுடி.'

அனுப்பிய நேரத்தைப் பார்த்தாள். 'நல்லா படிங்க' என்று இவள் பதில் போட்டு, கடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிய அதே நேரம்.

அப்படியானால் சோடா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். தான் எழுதிய பொய்யைப் படித்துவிட்டு நடந்து போகிற முதுகைப் பார்த்துவிட்டாள். பார்த்தும், நில் என்று சொல்லியிருக்கிறாள். இவள்தான் நிற்கவில்லை.

"என்ன பாப்பா?" என்றாள் அம்மா.

"ஒருத்தி சொல்லியிருக்காம்மா," என்றாள் அவள். "எனக்குத்தான் கேக்கல."

கையில் இருந்த திரையில், சோடா என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. அம்மா கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மகள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.